இரண்டாவது ஆராதனை

சேலையூர்ப் பக்கம் இருக்கும் அந்த ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனைகள். ஆறரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. ஆறரை மணி ஆராதனை சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், மதியம் விருந்தாளி வரும் வீட்டுக்காரர்களுக்கும். எட்டரை மணி, சனிக்கிழமை நேரம் கழித்துத் தூங்கினவர்களுக்கு. இப்படித்தான் சபை தன்னைத் தானே பிரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் தாம்பரம் நீதிமன்றமும் தன் பங்குக்கு ஒரு பிரிவினை செய்தது. முதல் ஆராதனை ஜாய்சனுக்கு, இரண்டாவது அவன் மனைவி ஜோசலினுக்கு.

பாதுகாப்பு உத்தரவு என்று அதற்குப் பெயர். ஜாய்சன் அவளை அடிக்கக்கூடாது. அவள் குடியிருக்கும் தெருவுக்கும், அவள் கண் பார்வை சோதிக்கும் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாது. நேரிலோ, போனிலோ, பிறர் மூலமாகவோ அவளிடம் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக்கூடாது. கோயில் ஒன்றே ஒன்றுதானே இருக்கிறது என்று வக்கீல்கள் கையைப் பிசைந்தபோது, மாஜிஸ்திரேட் ஆராதனை நேரத்தைக் கேட்டு அதையும் எழுதிவிட்டார். நீதிமன்றத்துக்கு இருந்த புத்தி சபைக்கு இல்லை என்று அப்போதே சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்.

ஞானசௌந்தரி ஜாய்சனின் அக்கா. குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா இறந்தபோது தம்பிக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. தன் கல்யாணப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு அவனை வளர்த்து, படிக்கவைத்து, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்த்து, ஜோசலினைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்ததும் அவள்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வெளியே ஜாய்சன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் கேட்டவர்கள் இரண்டே பேர், ஒருத்தி மாடியில், ஒருத்தி கீழே. கீழே இருந்தவள் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வாள்.

அஸ்தினாபுரத்து வீட்டின் மாடிப்படியிலிருந்து ஜோசலினை அவன் தள்ளிவிட்டபோது அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஞானசௌந்தரி. “படி வழுக்கிடுச்சு டாக்டர்” என்று சொன்னதும் அவள்தான். கட்டிலில் கிடந்தவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “இல்ல டாக்டர், தள்ளிவிட்டாரு. அப்படியே எழுதுங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் உத்தரவே கிடைத்தது. பெரிய குடும்பத்து ஆண்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்தாலும் வராத தைரியம், கை ஒடிந்துகிடந்த ஒருத்திக்கு வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் ஞானசௌந்தரிக்கு வெட்கமாக இருக்கும். வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருக்கும். யாரைப் பற்றிப் பெருமை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஞானசௌந்தரிக்கும் ஜோசலினுக்கும் பேச்சு நிற்கவில்லை. இரண்டாவது ஆராதனையின் பாடகர் குழுவில் இருவரும் ஆல்டோ வரிசை, பெண்களின் தாழ்ந்த குரல். ஒரே பாட்டுப் புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணமான நாட்களில் ஜோசலின் வாயை மட்டும்தான் அசைப்பாள். அவள் குரல் தனியாகக் கேட்டால் அன்று வீட்டில் ஜாய்சனுக்குச் சோறு இறங்காது. உத்தரவு வந்த மூன்றாவது மாதம் அந்தக் குரல் திரும்பி வந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஆல்டோ வரிசையே அவளைப் பிடித்துக்கொண்டுதான் பாடியது. ஞானசௌந்தரியும் அப்படித்தான். கணக்கில் புலி, சுருதியில் எலி.

ஆறு வருஷத்தில் ஜாய்சன் ஒரு நாளும் எட்டரை மணி ஆராதனைக்கு வரவில்லை. ஜோசலின் குடியிருக்கும் தெருப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. ஞானசௌந்தரிக்கே அது தெரியும். ஆகவே போன மே மாதம் அவன் ஒரு காணிக்கைக் கவரோடு வந்து நின்றபோது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

“அக்கா, இருபதாம் தேதி எங்க வெட்டிங் டே. பன்னெண்டு வருஷம். ஸ்தோத்திர காணிக்கை போடலாம்னு பாக்கறேன்.”

“போடேன்ப்பா. இதுக்கு என்னைக் கேக்கணுமா?”

“நான் போட்டா ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல எனக்கு மட்டும்தான் ஜெபம் பண்ணுவாங்க. நீ செகண்ட் சர்வீஸ்ல போட்டுடு. அவளுக்கும் சேத்து ஜெபம் பண்ணட்டும். பேரு மட்டும் நீயே எழுதிடுக்கா, என் எழுத்து கோழிக் கிறுக்கல்.”

பிறந்தநாளோ கல்யாண நாளோ வந்தால் கவரில் பெயர் எழுதிக் காணிக்கை போடுவது அந்தச் சபையின் வழக்கம். ஆயர் பெயரைப் படிப்பார். தம்பதிகள் முன்னால் போய் முழங்கால்படியிடுவார்கள். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுவார். இதில் என்ன தப்பு இருக்கிறது? ஞானசௌந்தரி கரும்பலகையில் எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில், ‘ஜாய்சன் – ஜோசலின், பன்னிரண்டாம் திருமண நாள்’ என்று எழுதினாள். சட்டம் படிக்கத் தொடங்கிய பிள்ளைகூட அந்தத் தப்பைச் செய்யாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒருத்திதான் செய்வாள்.

அன்று கத்திரி வெயில். காலையிலேயே மின்விசிறிகள் அனல் காற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தன. ஆயர் ஜெபசீலன் மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பழைய கதை தெரியாது. கவரில் இருந்ததை அப்படியே படித்தார். பெயர்கள் இரண்டும் ஒலிபெருக்கியில் வெளியே வந்து விழுந்ததும் விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது. கிசுகிசு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குத் தாவியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஜோசலின் பாட்டுப் புத்தகத்தின் தன் பக்கத்தை விட்டாள். ஞானசௌந்தரி கையில் முழுப் புத்தகமும் வந்து சேர்ந்தது. பக்கவாட்டுக் கதவு மூன்று எட்டு தூரத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பாடகர் வரிசையிலிருந்து இறங்கி, நடுவழியில் நடந்து, மூன்று ஜோடிகள் முழங்காலிட்டிருந்த இடத்துக்குப் போனாள். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிட்டாள். ஆயர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை.

“ஐயா, இந்தக் கவர் நான் போடல. எனக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க.”

அவ்வளவுதான். ஆயரும் அப்படியே ஜெபித்தார். அவள் எழுந்து திரும்பி வந்து அடுத்த பாட்டின் ஆல்டோவைப் பிசிறில்லாமல் பாடி முடித்தாள். ஆனால் புத்தகத்தைப் பிடிக்க அவள் கை நீளவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய்க் கவரைக் கேட்டு வாங்கிப் பார்த்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த எழுத்தை அவளுக்குத் தெரியாதா என்ன? ஞானசௌந்தரியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தனக்கென்று ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். “வணக்கம் மிஸ்” என்றாள். பன்னிரண்டு வருஷமாக அண்ணி என்று கூப்பிட்ட வாய். சபையில் பாதிப் பேர் ஞானசௌந்தரியை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக ஜோசலினும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் நல்லெண்ணத்தில்தானே செய்தேன் என்று ஞானசௌந்தரி தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ வரைக்கும்கூட வரவில்லை.

ஜூன் கடைசியில் ஜாய்சன் நீதிமன்றத்தில் மனு போட்டான். உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அக்டோபரில் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தல், அவன் நிற்கப்போகிறான். கோர்ட் உத்தரவு தலைக்கு மேல் தொங்குகிறவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

“ஆறு வருஷம்க்கா. ஒரு கம்ப்ளைன்ட் உண்டா? கொலை பண்ணவனக்கூட நன்னடத்தைல விட்டுடறாங்க. நான் சாகற வரைக்கும் இத சுமக்கணுமா? எல்லாத்துக்கும் ஒரு அளவு வேணாமா?”

நியாயமான கேள்வியாகத்தான் ஞானசௌந்தரிக்குப் பட்டது. தண்டனை என்றால் அதற்கு ஒரு வருஷக்கணக்கு உண்டுதானே? ஆறு வருஷம் என்பது சின்ன எண் இல்லையே? சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள். ஆறு வருஷமாகத் தம்பி எந்தத் தொந்தரவும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். வளர்த்தவள் வாயால் வந்தால் எடுபடும் என்றார் அவனுடைய வக்கீல் ஷ்யாம்சுந்தர்.

ஆகஸ்டில் விசாரணை. நீதிமன்ற வராந்தாவில் ஷ்யாம்சுந்தர் மனுத் தாள்களை அவள் கையில் கொடுத்து, “ஒரு தடவை பாத்துக்குங்க மேடம், கேட்டா தெரியணும்ல” என்றார். டீச்சர்களிடம் தாளைக் கொடுத்தால் அவர்கள் மேலோட்டமாகப் பார்க்க மாட்டார்கள். ஞானசௌந்தரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

நான்காவது பக்கத்தில் இப்படி இருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து திருமண நாள் காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள். மனைவி தானாகவே முன்வந்து சபையார் முன்னிலையில் முழங்காலிட்டு ஜெபத்தை ஏற்றிருக்கிறார். இருவருக்குமிடையே பகை தீர்ந்து சூழ்நிலை மாறியிருப்பதால் உத்தரவு இனித் தேவையில்லை. ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது. ஆதாரம் என்று பின்னால் குத்தியிருந்தது, கோயில் கொடுத்த காணிக்கை ரசீது. அவள் வாங்கி, மடித்து, பத்திரமாகத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரசீது.

“என்னப்பா இது?” என்றாள்.

ஜாய்சன் எட்டிப் பார்த்தான். “ஓ, அதுவா. அதான்க்கா மெயின் பாயிண்டே. அவ எழுந்து வெளிய போயிருந்தா நமக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. முன்னால வந்து முட்டி போட்டா பாரு, சபையே பாத்துச்சு.” குரலை இன்னும் தணித்தான். “ஆர்டர் மட்டும் போவட்டும். முதல் வேலையா செகண்ட் சர்வீஸுக்குப் போய் அவளுக்கு நேர் எதிர் பெஞ்சுல உக்காரணும். எப்படிப் பாடறான்னு பாக்கறேன்.”

கேலியாகக்கூட அவன் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னான். ஆறு வருஷமாக இவன் திருந்திக்கொண்டிருக்கிறான் என்று ஞானசௌந்தரி நினைத்திருந்தாள். இவன் காத்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒரு பழமொழி சொல்லி அவள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அம்புக்குக் கண்ணில்லை. அவளுக்கு இரண்டு கண்ணும், அதற்கு மேல் ஒரு கண்ணாடியும் இருந்தன.

கூண்டில் ஏறினாள். மாஜிஸ்திரேட் நடுத்தர வயதுப் பெண்மணி. பேனாவை மூடாமலே பேசுகிறவர்.

“இந்த ஆறு வருஷத்துல உங்க தம்பி உத்தரவை மீறினாரா?” என்று கேட்டார் ஷ்யாம்சுந்தர், பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிறவரின் நிம்மதியோடு.

“மீறினான்” என்றாள் ஞானசௌந்தரி.

ஷ்யாம்சுந்தர் காதைத் தேய்த்துக்கொண்டார். ஜோசலினின் வக்கீல் அந்தக் காணிக்கைக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தவர், பாதியில் அப்படியே உட்கார்ந்தார்.

“பிறர் மூலமா தொடர்பு வெச்சுக்கக் கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கு மேடம். அந்தப் பிறர் நான்தான். கவரை நான்தான் எழுதினேன், நான்தான் போட்டேன். அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது. அவ முன்னால வந்து, இது நான் போடல, எனக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்கன்னு சொன்னா. மைக்ல கேட்டுது. சேந்து காணிக்கை போட்டாங்கன்னு இதுல எழுதியிருக்கிறது பொய்.”

“அக்கா!” என்றான் ஜாய்சன். வீட்டுக்குள் மட்டும் கேட்கிற அந்தக் குரல் முதல்முறையாக வெளியே கேட்டது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

ஞானசௌந்தரி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொண்ணும் இருக்கு மேடம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரில, படி வழுக்கிடுச்சுன்னு சொன்னதும் நான்தான். அதுவும் பொய்.”

வராந்தாவில் தம்பி சொன்னதையும், ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இருபத்தெட்டு வருஷம் வளர்த்த பிள்ளையைப் பற்றி அவனுக்கு எதிரிலேயே நின்று சொல்வது லேசான காரியமா? ஆனாலும் கை ஒடிந்துகிடந்தவள் சொன்ன அளவுக்கு இது கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புதான் அவளைக் கடைசி வரைக்கும் சொல்லவைத்தது.

மாஜிஸ்திரேட் வெகுநேரம் எழுதினார். பிறகு ஜோசலினைக் கூப்பிட்டார்.

“மீறினதுக்குத் தனியா கம்ப்ளைன்ட் குடுக்கலாம்மா, ஜெயில் தண்டனை வரைக்கும் உண்டு. அது உங்க விருப்பம். நான் வேற ஒண்ணு கேக்கறேன். இந்த உத்தரவுக்குச் சட்டம் தேதி போடல. நீங்களா வேணாம்னு சொல்ற வரைக்கும், இல்ல நிலைமை நிஜமாவே மாறிடுச்சுன்னு தெரியற வரைக்கும். எவ்வளவு நாளைக்கு வேணும்னு யோசிச்சிருக்கீங்களா?”

“யோசிச்சேன் மேடம்” என்றாள் ஜோசலின். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “இது நானே டைப் பண்ணது.”

மாஜிஸ்திரேட் வாங்கிப் படித்தார். புருவம் உயர்ந்தது. பாதுகாப்பு உத்தரவை முடித்துவைக்கும்படி மனைவியே கேட்டுக்கொள்ளும் மனு. கீழே தேதி, ஜூன் பத்து. உத்தரவு வந்து சரியாக ஆறு வருஷம் முடிந்த நாள்.

“ஏப்ரல்லயே அடிச்சு வெச்சுட்டேன் மேடம். ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு நாள் கவனிச்சேன், நான் ராத்திரில எழுந்து தாழ்ப்பாளைப் பாக்கறத நிறுத்தி மூணு மாசம் ஆயிருந்துது. கோயில் வாசல்ல பைக் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கறதில்ல. சரி, போதும்னு தோணுச்சு. அவரும் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஏன் குடுக்கல?”

“மே மாசம் அந்தக் கவர் வந்துது மேடம். அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பாத்தேன்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். தாழியை உடைத்தவனே கோர்ட் செலவும் செய்து, வக்கீலும் வைத்து, வெண்ணெய் எங்கே என்று கேட்டு நின்றதை ஞானசௌந்தரி அன்றுதான் பார்த்தாள். இன்னும் மூன்றே வாரம் சும்மா இருந்திருந்தால் போதும். அவன் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. சும்மா இருக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

மனு தள்ளுபடி. உத்தரவு அப்படியே தொடரும் என்றார் மாஜிஸ்திரேட். அந்தத் தாளை ஜோசலினிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

ஜாய்சன் அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஞானசௌந்தரி வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். எந்த பஸ்ஸில் ஏறுவது என்றே தெரியவில்லை. அஸ்தினாபுரத்து வீட்டில் இனி என்ன நடக்கும் என்பதும் தெரியவில்லை. அவளைக் கடந்து போன ஜோசலின் நாலு எட்டு போய்த் திரும்பி வந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் ஞானசௌந்தரி வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுவியா?”

ஜோசலின் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இல்ல அண்ணி. இருக்கட்டும். தேதியை மட்டும் கோடு போட்டு அடிச்சுட்டேன்.”